உதிர்ந்த இலையும் உயிர் காத்த நீரும்

வண்ண மீன் விற்கும் கடையொன்றுக்குள் நுழைவோர் அங்கே ஒரு விந்தையைக் காணலாம். காய்ந்து பழுத்த பெரிய இலைகள் பத்துப் பத்தாக அடுக்கப்பெற்று, நெகிழிப் பைகளில் அடைக்கப்பெற்று, மருந்துப் புட்டிகளுக்கு அருகே விற்பனைக்கு வைக்கப்பட்டிருக்கும். கடையை விட்டு வெளியே வந்தால், அதே இலைகளைச் சாலையோரத்தில் துப்புரவுப் பணியாளர் குப்பையெனக் கூட்டிக்கொண்டிருப்பார். உள்ளே மருந்து; வெளியே குப்பை. இரண்டும் ஒரே மரத்தின் இலைகள்தாம். அந்த மரத்தை மலாய் மக்கள் கெத்தாப்பாங் என்பர். தமிழர் நாட்டு வாதுமை என்பர்.

இவ்விலை எவ்வாறு மீனுக்கு மருந்தாயிற்று? அது மெய்யாகவே மருந்துதானா? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடப் புகுந்தால், அது ஒரு சிறு மீன்தொட்டியின் செய்தியாக நின்றுவிடவில்லை. மரங்களுக்குப் பெயரிட்டோர், மீன்களை ஆராய்ந்தோர், காடுகளை அழித்தோர் ஆகிய பலருடைய வரலாறும் அதனுள் அடங்கியிருப்பதை நாம் உணர்கிறோம். அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரமும் பெயரும்

கெத்தாப்பாங் கடற்கரை மரம். அதன் காய் நீரில் மிதக்கும் இயல்புடையது. அலைகள் அதனைத் தீவுக்குத் தீவு கொண்டு சேர்த்தன. கிளைகள் தட்டுத் தட்டாகப் பரந்து நிழல் தருவதால், கடற்கரைகளிலிருந்து சாலையோரங்களுக்கும் பள்ளி வளாகங்களுக்கும் இம்மரம் குடிபெயர்ந்தது. இலைகள் உதிருமுன் செந்நிறம் கொள்ளும். ஆண்டில் ஒருமுறையோ இருமுறையோ மரம் முழுவதும் சிவந்து, பின்னர் இலைகளை உதிர்த்து நிற்பதைக் காணாத மலேசியரும் சிங்கப்பூரரும் அரியர்.

மலாய் மொழியிலுள்ள பெயரே இம்மரத்தின் அறிவியற் பெயரிலும் நின்றுவிட்டது. அம்போன் தீவில் வாழ்ந்து அத்தீவுகளின் செடிகொடிகளை ஆராய்ந்த ரும்பியஸ் என்பார் இதனைக் ‘கட்டப்பா’ என்றே குறித்தார். அவருடைய நூல் அவர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1741ஆம் ஆண்டு முதல் வெளிவந்தது. அவரைப் பின்பற்றி, சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1767இல் இம்மரத்துக்கு ‘டெர்மினாலியா கட்டப்பா’ என்று பெயரிட்டார். கிளைகளின் முனையில் இலைகள் கொத்தாக அமைந்திருப்பதை முற்பகுதி குறிக்கிறது.

தமிழ் மாணவர் ஈண்டு ஒன்றைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும். நம் முன்னோர் மருந்தாகப் போற்றிய கடுக்காயும் தான்றிக்காயும் இதே டெர்மினாலியா இனத்தைச் சேர்ந்தவை. மருதமரமும் அவ்வினமே. திரிபலை என நாம் வழங்கும் மும்மருந்தில் நெல்லிக்காய் ஒழிந்த இரண்டும் கெத்தாப்பாங்கின் உறவினர் என்பது வியப்பளிக்கும். இவை அனைத்துக்கும் பொதுவாக உள்ளது துவர்ப்பு. அறுசுவையுள் ஒன்றாக நாம் எண்ணும் அத்துவர்ப்பே மீனின் கதைக்கும் திறவுகோலாகும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

பினாங்கு மருத்துவரும் சயாமியச் சண்டை மீனும்

இவ்விலையோடு நெருங்கிய தொடர்புடையது சண்டை மீன். சயாமியர் அதனைப் ‘பிளா காட்’, அதாவது கடிக்கும் மீன் என்பர். 2022இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று, மனிதர் இம்மீனை வளர்க்கத் தொடங்கிக் குறைந்தது ஆயிரம் ஆண்டுகள் ஆகியிருத்தல் வேண்டும் என்று தெரிவித்தது. 2019இல் தாய்லாந்து அரசு இதனைத் தன் நாட்டின் நீர்வாழ் உயிர்ச் சின்னமாக அறிவித்தது.

மேலை அறிவுலகம் இம்மீனை அறிந்ததில் மலாயாவுக்கும் பங்குண்டு. கிழக்கிந்தியக் கும்பெனியின் மருத்துவராகப் பினாங்கில் பணிபுரிந்தவர் தியோடர் காண்டர் என்னும் டென்மார்க் நாட்டவர். சயாம் மன்னர் ஒரு நண்பருக்கு அளித்த மீன்கள் அவர்வழி காண்டரின் கைக்கு வந்தன. 1849ஆம் ஆண்டின் மலாய் மீன்கள் பற்றிய தம் பட்டியலில் அவர் சயாமியரின் மீன்போர் குறித்தும் எழுதினார். மக்கள் அதில் பேரார்வம் காட்டினர் என்றும், போர் நடத்தும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டு மன்னருக்கு நல்ல வருவாய் தந்தது என்றும் அவர் குறித்துள்ளார். ஆயினும் காண்டர் ஒரு பிழை செய்தார். பினாங்கு மலையோடைகளில் வாழும் வேறொரு மீனையும் சயாமிய மீனையும் ஒன்றெனக் கொண்டார். பினாங்கு மீன் முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கும். சயாமிய மீனோ நீர்மேல் குமிழ்க்கூடு கட்டும். 1910இல் இலண்டன் அருங்காட்சியகத்தைச் சார்ந்த டேட் ரீகன் இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்தி, சயாமிய மீனுக்குப் ‘பெட்டா ஸ்பிளெண்டன்ஸ்’ என்று புதுப்பெயர் தந்தார். பினாங்கு மீன் ‘பெட்டா பக்னாக்ஸ்’ எனும் பழைய பெயரோடு நின்றது.

இனி இலையைப் பற்றிக் காண்போம். போரில் துடுப்பு கிழிந்து, செதில் உதிர்ந்து மீளும் மீனை வளர்ப்போர் அப்படியே தெளிந்த நீரில் விடுவதில்லை. காய்ந்த கெத்தாப்பாங் இலை ஊறிப் பழுப்பேறிய நீரில் அதனை இட்டு, அமைதியாக இருக்கச் செய்வர். இலை கிடைக்காத இடத்தில் காய்ந்த வாழையிலைத் துண்டு பயன்படும். தாய்லாந்தில் இம்மரத்துக்கு ‘ஹூ குவாங்’ என்பது பெயர். ‘மான் செவி’ என்பது அதன் பொருள். அங்கும் மலாய் மண்ணிலும் மீன் வளர்ப்போர் வழிவழியாகக் கைக்கொண்ட முறை இது. சூதாட்டத்துக்காக உயிர்களை மோதவிட்ட கொடிய வழக்கத்தின் நிழலில் ஓர் ஆற்றும் கலையும் வளர்ந்தது என்பதை வரலாறு மறைப்பதற்கில்லை.

நம்மவருக்கும் இம்மீன் அயலன்று. மலாயாவின் வயல்களிலும் வடிகால்களிலும் வாழும் சிறிய சண்டை மீனைத் தோட்டப்புறச் சிறுவர் பலர் கைகளால் அள்ளிப் புட்டியில் இட்டு வளர்த்ததுண்டு. அம்மீனுக்குப் ‘பெட்டா இம்பெல்லிஸ்’ என்ற பெயர் 1975இல் இடப்பட்டது. போரை விரும்பாதது என்பது அதன் பொருள். கலங்கிய வடிகாலில் துள்ளித் திரிந்த மீன், கண்ணாடிபோல் தெளிந்த குழாய்நீரில் இரண்டு நாளில் மிதந்தபோது, ‘நல்ல தண்ணீரில்தானே விட்டேன்?’ என்று கலங்கிய சிறுவர் எத்தனை பேர்! அவ்வினாவுக்கு விடை காண நாம் கண்ணாடித் தொட்டியின் பிறப்பிடத்துக்குச் செல்லுதல் வேண்டும்.

தெளிந்த நீர் என்னும் கொள்கை

இன்றைய மீன்தொட்டிக்கு வித்திட்டவர்களுள் ஒருவர் இலண்டன் வேதியியல் அறிஞர் இராபர்ட் வாரிங்டன். இரண்டு தங்க மீன்களையும் ஒரு நீர்ச்செடியையும் ஒரு கலத்தில் இட்டு, ஒன்று விடும் வளியை மற்றொன்று பயன்கொள்வதை ஆராய்ந்து, 1850இல் தம் முடிவை வெளியிட்டார். அவ்வாராய்ச்சியில் அவருக்கு இடையூறாக வந்தது எது தெரியுமா? செடியினின்று அழுகி உதிர்ந்த இலைகளே. அவற்றால் நீர் கலங்கி மீன்கள் துன்புற்றன. குளத்து நத்தைகளை விட்டு, அவை அழுகிய இலைகளைத் தின்னுமாறு செய்து அவர் தொட்டியைக் காத்தார். நான்கு ஆண்டுகளில், 1854இல், பிலிப் காஸ் எழுதிய நூல் தொட்டி வளர்ப்பை இங்கிலாந்தின் இல்லங்களுக்குக் கொண்டு சென்றது.

தங்க மீனுக்கு வாரிங்டன் செய்தது சரியே. அழுகும் பச்சை இலை நீரின் உயிர்வளியை உண்டுவிடும். ஆனால் தங்க மீனுக்கு ஏற்ற நெறி எல்லா மீன்களுக்கும் உரிய நெறியாகக் கொள்ளப்பட்டதுதான் பிழையாயிற்று. தெளிவே தூய்மை, தூய்மையே நலம் என்ற எண்ணம் வேரூன்றியது. தொட்டியின் அடியில் ஓர் இலை கிடந்தால் அது வளர்ப்பவரின் சோம்பலைக் காட்டுவதாயிற்று.

நோய் வந்தபோது சாய ஆலைகளின் பக்கம் கண் சென்றது. 1876இல் உருவாக்கப்பட்ட மெத்திலீன் நீலமும், அடுத்த ஆண்டில் உருவான மாலக்கைட் பச்சையும் துணிக்கு நிறமூட்டப் பிறந்தவை. அவை பூஞ்சணத்தையும் ஒட்டுண்ணியையும் கொல்லவல்லன என்று அறிந்து மீனுக்கும் பயன்படுத்தினர். மாலக்கைட் பச்சை 1930களில் மீன்பண்ணைகளில் புகுந்தது. பின்னர் அதன் நச்சுத்தன்மை தெரியவர, உண்ணும் மீன்களுக்கு அதனைப் பயன்படுத்தலாகாது எனப் பல நாடுகள் தடுத்தன. அதன்பின் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வந்தன. வரைமுறையின்றி அவற்றைத் தொட்டியில் கொட்டியதன் பயனாக, மருந்துக்கு அடங்காத நுண்ணுயிர்கள் தோன்றின.

கருநீரின் உண்மை

தெளிந்த நீர்க் கொள்கைக்கு மாறான உண்மையை முன்னரே கண்டவர் ஒருவர் உண்டு. அவர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ். 1854இல் சிங்கப்பூரில் வந்திறங்கி மலாய்த் தீவுகளை ஆராய்ந்த இவ்வறிஞர், அதற்கு முன்னர் தென்னமெரிக்காவில் அமேசான், நீக்ரோ ஆறுகளின் வழியே நான்கு ஆண்டுகள் அலைந்தவர். 1853இல் வெளியிட்ட பயண நூலில் அவர் அவ்வாறுகளை வெண்ணீர், நீலநீர், கருநீர் என மூவகையாகப் பிரித்துக் காட்டினார். கருநீர் ஆறு அழுக்கானதன்று. காட்டில் உதிர்ந்த இலைகளும் மரப்பட்டைகளும் ஊறி ஊறி, சாயம் இறங்கிய தேநீர்போல் அது நிறம் பெற்றிருக்கிறது. வளர்ப்போர் விரும்பும் நியான் மீன் முதலாகப் பல வண்ண மீன்கள் அத்தகைய நீருக்கு உரியவை.

மலாய் மண்ணிலும் கருநீர் உண்டு. கரிச்சதுப்புக் காடுகளில் இலைகள் முற்றும் மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து, நீரை அமிலமாக்குகின்றன. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7 எனில் நடுநிலை. அது குறையக் குறைய அமிலம் மிகும். இக்காடுகளின் நீரில் அவ்வளவு 4க்கும் கீழே இறங்குவதுண்டு. உயிரே வாழ முடியாத நீர் என்று ஒரு காலத்தில் எண்ணப்பட்ட இந்நீரிலிருந்து 2006இல் சுமாத்திராவின் ‘பீடோசிப்ரிஸ்’ என்ற மீனைக் கொட்டெலா முதலிய அறிஞர்கள் உலகுக்கு அறிவித்தனர். முழுவளர்ச்சி பெற்ற பெண்மீனின் நீளம் 7.9 மில்லிமீட்டரே.

எனவே, இலை ஊறிய நீரில் காயமுற்ற மீனை இட்டவர் செய்தது என்ன? அயலான மருந்தொன்றை அவர் புகட்டவில்லை. மீனுக்குப் பழகிய நீரையே மீட்டுத் தந்தார். சேறும் சருகும் நிறைந்த வடிகாலிலிருந்து வந்த மீனுக்குக் குழாய்நீர்தான் நோய். சருகு நீர்தான் வீடு. சிறுவனின் வினாவுக்கு விடை இதுவே.

துவர்ப்பின் தொழில்

இது எவ்வாறு நிகழ்கிறது என்பதையும் அறிந்துகொள்வோம். கடுக்காயை மென்றால் நாவும் கன்னமும் இறுகுவதை உணர்கிறோம். துவர்ப்பொருள் எச்சிலிலுள்ள புரதத்தோடு இணைந்து அதனை இறுகச் செய்வதே காரணம். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் தோலைப் பதப்படுத்துவதும் இவ்வாற்றலாலேயே. இலையிலிருந்து நீரில் இறங்கும் துவர்ப்பொருள்களும் பிற கரிமப் பொருள்களும், நோய் நுண்ணுயிரும் பூஞ்சணமும் எளிதில் பெருகாதவாறு செய்கின்றன. நீரிலுள்ள செம்பு முதலிய உலோகங்களைப் பற்றிக்கொண்டு அவற்றின் நச்சைக் குறைக்கின்றன. நிறத்தால் ஒளி மங்குவதால் மீன் அச்சம் தணிந்து அமைதி கொள்கிறது.

இவற்றினும் நுட்பமானது ஒன்றுண்டு. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. நடுநிலை கடந்த காரநீரில் அதன் நச்சு மிகும். அமில நீரில் அது நச்சுக் குறைந்த அம்மோனியமாக மாறி நிற்கும். வடிகட்டியும் காற்றுக்குழாயும் இல்லாத சிறு சாடிகளில் சண்டை மீனை வளர்த்தவர்களுக்கு அம்மோனியா என்ற சொல் தெரியாது. ஆயினும் அதன் கடுமையைத் தணிக்கும் இலை தெரிந்திருந்தது.

ஆய்வுக்கூடமும் பின்னர் இதனை நோக்கியது. 2005இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் கெத்தாப்பாங் இலைச் சாற்றைத் திலாப்பியா மீனின் நோய்கள்மீது சோதித்தனர். ஒரு லிட்டர் நீருக்கு 800 மில்லிகிராம் அளவில் ‘டிரைக்கோடினா’ என்ற ஒட்டுண்ணி ஒழிந்தது. 500 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள அளவுகளில் ‘ஏரோமோனாஸ்’ என்ற நுண்ணுயிரின் வளர்ச்சி தடைப்பட்டது. 200 மில்லிகிராம் அளவில் மீன்முட்டைகளைத் தாக்கும் பூஞ்சணம் குறைந்தது. 2008இல் அந்நாட்டவரே கொய்யா இலையும் ஏரோமோனாசை எதிர்க்கவல்லது என்று காட்டினர். மீன் வளர்ப்போரின் கைப்பழக்கம் வெறும் நம்பிக்கையன்று என்பது இவற்றால் உறுதியாயிற்று.

தேயிலையும் தூபா வேரும்

சருகுக்குப் பதிலாகத் தேயிலையை இடலாமா என்று கேட்போர் உளர். இரண்டும் நிறத்தால் ஒத்திருப்பதால் இவ்வெண்ணம் எழுவது இயல்பே. வளர்ப்போர் சிலர் காயமுற்ற மீனுக்கு இலேசான தேநீர் சேர்ப்பதும் உண்டு. 1929இல் காமரன் மலையில் தொடங்கப்பெற்ற தேயிலைத் தோட்டம் முதலாக, அம்மலைச் சரிவுகளில் தமிழர் கைகள் கிள்ளிய இலையல்லவா அது? அதன் துவர்ப்பு நாம் நன்கறிந்தது. ஆயினும் தேயிலையில் துவர்ப்போடு கஃபீனும் உண்டு; மீனுக்கு அது வேண்டாத ஊக்கி. ஆதலின் தேநீரை நாடுவோர், கஃபீன் இல்லாத ரூய்போஸ் என்னும் தென்னாப்பிரிக்கச் செம்புதர் இலையைத் தேர்வர். பெயரளவில் அது தேநீரே ஒழிய, தேயிலைக் குடும்பத்தைச் சார்ந்ததன்று. அவரைக் குடும்பத்தைச் சார்ந்தது.

இன்னொரு செய்தி நம்மைத் திடுக்கிடச் செய்யும். தேயிலை இனச் செடியின் விதையை ஆட்டி எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கு, மீனைக் கொல்லும் நஞ்சாகும். அதிலுள்ள சபோனின் மீனின் செவுளைத் தாக்கிச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். இறாலின் குருதியில் சிவப்பணு இல்லை. ஆகவே இறால் குளங்களில் புகுந்த மீன்களை மட்டும் கொல்ல அப்பிண்ணாக்கைத் தூவுவர். இவ்வாறே, மலாய்த் தீபகற்பத்து மக்கள் தூபா என்னும் கொடியின் வேரை நசுக்கி ஆற்றில் கலந்து மீன்களை மயக்கிப் பிடித்தனர். அவ்வேரின் நச்சுப்பொருள் 1902இல் பிரித்தெடுக்கப்பட்டு ரோட்டினோன் எனப் பெயர் பெற்றது.

இயற்கையில் விளைந்தது எதுவாயினும் நல்லதே என்று கொள்வோர்க்கு இது நல்ல பாடம். ஒரே செடியின் இலை ஆற்றுகிறது, விதை கொல்லுகிறது. கெத்தாப்பாங் இலைக்கும் எல்லை உண்டு. பூச்சிமருந்து தெளித்த மரத்தின் இலை தீங்கு செய்யும். பச்சை இலையை இட்டால் நீர் அழுகும். தாதுக்கள் குறைந்த நீரில் அளவின்றி இட்டால் அமிலம் திடீரென மிகும். இலைநீரில் பழகிய மீனின் சாடியில் ஒரே வேளையில் காரமான குழாய்நீரை நிரப்பினால், அடங்கிக் கிடந்த அம்மோனியம் மீண்டும் நஞ்சாகும். கடுநோய் வந்துற்றபோது இலையை மட்டும் நம்பியிருத்தலும் அறிவுடைமையன்று. மரபறிவைப் போற்றுவது வேறு. ஆராயாது பின்பற்றுவது வேறு.

காடு போனபின் இலை

இனி நாம் சிந்திக்க வேண்டுவது ஒன்றுண்டு. சிங்கப்பூர் பல பத்தாண்டுகளாக உலகின் முன்னணி வண்ண மீன் ஏற்றுமதித் துறைகளுள் ஒன்றாக விளங்கி வருகிறது. அத்துறையோடு கெத்தாப்பாங் இலையும் கடல் கடந்து சென்றது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள வளர்ப்போர் இன்று விலை கொடுத்து அவ்விலையை வாங்கித் தம் தொட்டிகளில் கருநீரை உண்டாக்கி மகிழ்கின்றனர். ஆனால் உண்மையான கருநீர் உள்ள இடங்களின் நிலை என்ன?

வட சிலாங்கூரில் 70,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட கரிச்சதுப்புக் காடு உண்டு. தஞ்சோங் காராங் வயல்களுக்கு நீர் அளிப்பதும் அதுவே. அங்கு வாழும் ‘பெட்டா லிவிடா’ என்ற சிறு சண்டை மீனை, சிங்கப்பூர்ப் பேராசிரியர் பீட்டர் இங்கும் கொட்டெலாவும் 1992இல்தான் உலகுக்கு அறிமுகப்படுத்தினர். பெயர் பெற்ற நாள்தொட்டே அதன் வாழ்வு இடருற்றது. மரம் வெட்டவும் பயிரிடவும் வெட்டிய கால்வாய்களின் வழியே சதுப்புநீர் வடிந்தது; வடிந்த நிலம் வறண்டது; வறண்ட கரிமண் தீப்பற்றியது. ஜொகூரின் ஆயர் ஈத்தாம் பகுதியிலிருந்து 1986இல் பெயர் பெற்ற ‘பெட்டா பெர்செபோனி’யின் நிலையும் இத்தகையதே. சிங்கப்பூரிலோ, நன்னீர்ச் சதுப்புக் காடு என்று சொல்லத் தக்கதாக நீ சூன் காடு ஒன்றே எஞ்சியுள்ளது.

ஒருபுறம், உதிர்ந்த இலையைப் பையிலிட்டு மருந்தென விற்கிறோம். மறுபுறம், இலைகள் உதிர்ந்து உதிர்ந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கட்டிய நீர்வீட்டை வடித்துக் காயவைக்கிறோம். ஒரு தொட்டியில் ஓர் இலை இட்டு ஒரு மீனைக் காப்பதால் இப்பழி தீராது. இலையின் பயனை அறிந்தவர்க்கு அவ்விலை விழும் காட்டையும் காக்கும் கடன் உண்டு.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒரு சொல். பள்ளி வளாகத்தில் கெத்தாப்பாங் மரம் நின்றால், மருந்து தெளிக்கப்படாத அதன் சருகொன்றை எடுத்துக் கழுவி, கண்ணாடிக் குவளை நீரில் இட்டுப் பாருங்கள். மறுநாள் நீர் பொன்னிறமாகும். சில நாளில் தேனிறமாகும். அந்த நிறத்தில் தாவரவியல் உண்டு, வேதியியல் உண்டு, பினாங்கும் சயாமும் சிலாங்கூர்ச் சதுப்பும் உண்டு. துவர்ப்பு என்னும் நம் பழஞ்சொல்லின் பொருளும் அதனுள் உண்டு. அழுக்கென்று நாம் ஒதுக்கிய நீரில் ஓர் உயிரின் வீடு இருந்தது என்பதை இளையோர் கண்ணாரக் கண்டு உணர்ந்தால், நாளை அக்காடுகளைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் அமரும்போது அவ்வுணர்வு பயன்படும்.